டெக்குக்காரியின் தண்ணீர்

நாங்கள் மலம் கலந்த தண்ணீரில்தான் சோறு ஆக்குகிறோம், தேநீர் ஊற்றுகிறோம், வந்த விருந்தாளிக்குச் சர்பத் கரைத்துக் கொடுக்கிறோம் என்பதை நான் டெக்குக்குப் படிக்கப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்று பின்னேரம் வரை எச்சில் விழுங்கவே அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. முன்பு தண்ணீரில் மட்டும் இருந்தது, இப்போது ஆட்களிலும் வந்துவிட்டது.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குப் பக்கத்தில், கடலுக்கும் பிரதான வீதிக்கும் நடுவில் எங்கள் ஒழுங்கை. எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். பிள்ளைகள் கூடும், வளவு கூடுமா? உம்மாவின் வாப்பா விட்டுப்போன ஒரே வளவை உம்மாவும் அவருடைய தங்கைகளான சாச்சிமாரும் பங்கு போட்டார்கள். பிறகு அவரவர் பெண்பிள்ளைகளுக்கென்று அதையும் கீறிப் பிரித்தார்கள். கடைசியில் ஒரு வீட்டுச் சமையல் குசினி யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு மலசலகூடச் சுவர் மூக்கில் இடிக்கும்.

போதாக்குறைக்குச் சுனாமி வந்தது. எங்கள் வாப்பாவைக் கொண்டுபோனது. கரையில் இருந்த சொந்தக்காரர்களை அங்கே திரும்பக் கட்டக் கூடாது என்றார்கள். அவர்களும் எங்கள் வளவுக்குள் வந்து சேர்ந்தார்கள். பின்னாலேயே ஒரு தொண்டு நிறுவனம் வந்து வீட்டுக்கு வீடு மலசலகூடம் கட்டியது. கதவில் தங்கள் பெயரை ஒட்டி, கணவனைக் கடலுக்குக் கொடுத்த என் உம்மாவை அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்திப் படமும் எடுத்தார்கள். கழிவு எங்கே போகும் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மணலில் ஒரு குழி, குழிக்குப் பக்கத்தில் கிணறு. கடற்கரை மணல் எதை மறித்து வைக்கப் போகிறது?

நான் பல்கலைக்கழக அனுமதிக்கான ஏ.எல். பரீட்சை எழுதியது சுனாமிக்கு அடுத்த வருஷம். அடக்க வாப்பாவின் மையித்துக்கூடக் கிடைக்காத வீட்டில் இருந்துகொண்டு இரசாயனவியல் பாஸாக என்னால் முடியவில்லை. எங்கள் ஊரில் மனிதர் இரண்டு வகை: பல்கலைக்கழகம் என்ற கெம்பஸுக்குப் போனவர், போகாதவர். போகாத ஆண் கடை போடலாம், கட்டாருக்குப் போகலாம். போகாத பெண் வீட்டில் இருக்கலாம். நான் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனேன், நீர் வழங்கலும் வடிகாலமைப்பும் படிக்க. ஊர் அதை டெக் என்று இரண்டெழுத்தில் சொல்லும்; சொல்லும்போதே உதடு ஒரு பக்கம் கோணும்.

மாமா அப்துல் கபூர் உம்மாவின் காக்கா, மூத்த சகோதரர். பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவர். வாப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கும் தானாகவே நிருவாகியானவர். அவர் வாசலில் நின்று கத்தினார்.

"பைப் பூட்டவா ஒரு பொம்புளப் புள்ள படிக்கிற? ஒன்ட ராத்தாக்கு மாப்புள தேடிக்கிட்டிரிக்கன். நீ பைப்புக் குறட்டோட திரிஞ்சா ஊர் என்ன கதைக்கும்?"

என் அக்கா, ராத்தா நிஹாறாவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையும் சுனாமியில் போனவர்தான். அதன்பிறகு வந்த சம்பந்தமெல்லாம் ஏதோ ஒன்றைச் சொல்லித் தட்டிப்போனது. அவளுக்காகக் கட்டிய வீட்டில்தான் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அந்த வீட்டின் கிணற்றடி வாழைக்குப் பின்னால் சின்னச் சாச்சியின் மலசலகூடக் குழி.

சான்றிதழ் முடித்து நான் டிப்ளோமாவுக்கு வந்த காலத்தில் யுத்தம் முடிந்தது. சோதனைச்சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அந்த மாதங்களில்தான் எங்கள் விரிவுரையாளர் நேசராசா சேர் அந்தச் செய்தியைச் சொன்னார். தொழிற்கல்வி படித்தவர்களுக்கென்று கொழும்பில் புதிய பல்கலைக்கழகம் ஒன்று திறக்கிறார்கள். டிப்ளோமா முடித்தவர் அங்கே பட்டப்படிப்புக்குப் போகலாம். ஏ.எல். பெறுபேற்றை யாரும் கேட்க மாட்டார்கள்.

"பின்கதவால போறா எண்டு ஆக்கள் சொல்லுவாங்க. சொல்லட்டும்," என்றார். "நேர்முகத்தில ஒங்கட புரொஜெக்டத்தான் குடைஞ்சு குடைஞ்சு கேப்பாங்க. சொந்த வேலை எண்டு கண்டா விடமாட்டாங்க. வேற ஆளிட வேலை எண்டு கண்டா அண்டைக்கே வெளிய."

நான் எங்கள் ஒழுங்கையையே எடுத்துக்கொண்டேன். வீடு வீடாகப் போய் கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் நாடா பிடித்தேன். கிணறுகளில் தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். முடிவு வந்தது. மனிதக் குடலில் மட்டும் இருக்க வேண்டிய கிருமி எங்கள் எல்லாக் கிணற்றிலும் இருந்தது.

உம்மாவிடம் சொன்னேன். "வாயக் கழுவு!" என்றார். "இந்தத் தண்ணியிலதான்டி ஒன்ன வளத்தெடுத்த." எந்தத் தண்ணீரில் வாயைக் கழுவுவது என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

மாமாவுக்குச் செய்தி போயிற்று. அவர் வந்து மூன்று விரலை மடக்கினார்.

"நிறம் மாறிச்சா? மணம் மாறிச்சா? ருசி மாறிச்சா? இல்லியே! அப்ப அது சுத்தமான தண்ணி. மார்க்கத்தப் படிச்சிட்டு வந்து கதை."

அது சட்டம்தான். நிறையத் தண்ணீரில் அசுத்தம் விழுந்தாலும் இந்த மூன்றில் ஒன்று மாறாதவரை அது தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூச் செய்யத் தகும். நான் உம்மாவையும் கூட்டிக்கொண்டு மார்க்கம் படித்த ஹஸரத்திடம் போனேன். அந்த மனிதர் தெளிவாகச் சொன்னார்: "அது வுழூக்கும் குளிப்புக்கும் உள்ள சட்டம், மகள். குடிச்சா வயித்துக்கு ஒத்துக்குமா எண்டத்த டாக்டரிட்டக் கேக்கணும். கிருமி எண்டு டெஸ்டில வந்தா குடிக்காதீங்க." உம்மாவின் காதில் முதல் வசனம் மட்டும் ஏறியது. திரும்பி வரும் வழியெல்லாம் "ஹஸரத்தே சொல்லிட்டார், வுழூச் செய்யலாமாம்" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் விட்டதே இல்லை. அதற்குக் கண்ணூறு என்று பெயர். கண்ணூறு கழிய ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீரையும் அதே கிணற்றில்தான் அள்ளினார்கள்.

சோதித்த முடிவு மட்டும் போதாது, எந்தக் குழியிலிருந்து எந்தக் கிணற்றுக்கு வருகிறது என்பதையும் காட்டு என்றார் நேசராசா சேர். சின்னப் போத்தலில் ஒரு சாயம் தந்தார். குழியில் ஊற்றினால், தண்ணீர் போகும் வழியெல்லாம் கூடப் போய்ப் பச்சையாக ஒளிரும். உடம்புக்கு எந்தக் கெடுதியும் இல்லை. சின்னச் சாச்சியிடம் சொல்லிவிட்டு அவருடைய மலசலகூடத்தில் ஊற்றினேன். சில நாள் எங்கள் கிணற்றில் ஒன்றும் தெரியவில்லை. மழை ஒன்று பெய்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் மாமா அவசரமாக வந்தார். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்களாம். பாலமுனை ஊர் ஆட்கள். மாப்பிள்ளை என்ஜினியர், பெயர் ஹிஷாம், நேரே கெம்பஸ் போய் வந்தவர், தண்ணீர்த் திட்டமொன்றில் வேலை. மாமா கெம்பஸ் என்று சொல்லும்போது தொழுகையில் நிற்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். உம்மா சிவப்புச் சர்பத் கரைத்துக் கொடுத்தார். குடித்தார்கள், மாமா மட்டும் இரண்டு கிளாஸ். பிறகு அவர் அஸர் தொழுகைக்கு வுழூச் செய்யக் கிணற்றடிக்குப் போனார். போனவர் அலறினார்.

"யா அல்லாஹ்! நிறம் மாறிட்டு! தண்ணிட நிறம் மாறிட்டு!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். வாளிக்குள் தண்ணீர் பச்சைப் பசேலென்று மின்னியது. குசினி இருட்டிலும் சர்பத்தின் சிவப்பிலும் அது தெரியாமல் போயிருக்கிறது. நான் உண்மையைச் சொன்னேன்: சாயம் போட்டது நான்தான், சாச்சியின் குழியில் போட்டேன், குடித்தாலும் ஒன்றும் செய்யாது. மாமா குழி என்ற சொல்லைக் கேட்டாரோ இல்லையோ, வாழையடியில் குந்தி இரண்டு கிளாஸ் சர்பத்தையும் வெளியே எடுத்தார். இத்தனை வருஷமாக பிஸ்மி சொல்லி அந்த அசிங்கத்தைக் குடித்துவந்த மனிதர், ஒரு கெடுதியும் இல்லாத சாயத்துக்கு வாந்தி எடுத்தார்! எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சொந்த மாமா என்று நினைக்கவே கூசியது.

சம்பந்தம் தொலைந்தது என்று உம்மா தலையில் கையை வைத்தார். ஆனால் என்ஜினியர் மட்டும் வாளியருகில் குனிந்து பார்த்து என்னிடம் கேட்டார்: "டை டெஸ்டா? எத்தின நாள் எடுத்த? இடையில மழை பெஞ்சதா?"

விளங்குகிற ஒரு ஆள்! புரொஜெக்டைக் காட்டச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தேன். முன் விறாந்தையில் இருந்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்தார். குழிகளின் ஆழம், நிலத்தடி நீர் எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாம் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். "நல்ல வேலை," என்றார். என் உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்த கிழமை மாமா முகமெல்லாம் பல்லாக வந்தார். ராத்தாவை அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம். வீடும் பிடித்திருக்கிறதாம். வேறு ஒன்றும் வேண்டாமாம். என்ஜினியர் மேற்படிப்புக்கு ஆய்வு ஒன்று கொடுக்க வேண்டியிருக்கிறதாம். அதற்கு என் புரொஜெக்ட் அளவாக இருக்கிறதாம்.

"அத மாப்புளக்குக் குடுத்திரு. அவர்ட பேர்ல போகட்டும். ஒன்ட டெக்குக்கு இவ்வளவு பெரிய வேலை கூடவாம். ஒரு சின்ன பைப் லைன் கீறிக் குடுத்தாக் காணுமாம்."

"அப்ப நான் நேர்முகத்துக்கு எத்தக் கொண்டு போற, மாமா? இன்னொண்டு செய்ய எனக்கு நாளில்ல."

"நீ போகாட்டி என்ன? டெக்கில படிச்ச புள்ள செஞ்ச எண்டா ஆரு நம்புவா? என்ஜினியர்ட பேர்ல போனா பெரிய ஆக்கள் வாசிப்பாங்க, பைப் தண்ணி வரும். ஊருக்கும் நல்லம், ஒன்ட ராத்தாக்கும் நல்லம்."

இதில் பாதி உண்மையாக இருக்கலாம் என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அருவருப்பு. அவருடைய பெயரை நம்புவார்கள், என் பெயரை நம்ப மாட்டார்கள். சீதனமாக வீட்டைக் கேட்கிறார்கள், நகையைக் கேட்கிறார்கள். ஒருத்தியின் மூளையைக் கேட்டதை நான் முதல்முறையாகக் கண்டேன். செய்தி ஒழுங்கைக்குள் பரவியதும் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நான் நாடாவோடு போனபோது "எங்கட கக்கூஸ அளக்க வந்திட்டா" என்று கதவைச் சாத்திய அதே பெண்கள். "குடு புள்ள, கூடப் பொறந்தவக்குத்தானே" என்றார்கள். உம்மா தொழுகைப் பாயில் இருந்து என்னைப் பார்த்து அழுதார். அது எல்லாவற்றையும்விட மோசம்.

நான் ராத்தாவிடம் போனேன். அவள் யாருக்கோ சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ கேட்டாக் குடுப்பன்," என்றேன். பொய்யில்லை. கொடுத்திருப்பேன். பிறகு வாழ்நாள் முழுவதும் அவளை வெறுத்திருப்பேன்.

"அவங்க நாள் குறிக்க வரட்டும். ஒண்டு கேக்க வேண்டியிரிக்கி," என்றாள். மறுபடி தையலில் குனிந்தாள்.

நாள் குறிக்க வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய வாப்பாவும் மாமாவும் விறாந்தையில். நாங்கள் திரைக்குப் பின்னால். என் புரொஜெக்டை மாமா ஏற்கெனவே வாங்கி மேசையில் வைத்திருந்தார், பக்கத்தில் ஒரு தட்டில் வெற்றிலையும் வாழைப்பழமும். அப்போது ராத்தா திரைக்குள்ளிருந்து பேசினாள்.

"மாப்புளயிட்ட ஒண்டு கேக்கலாமா? அண்டைக்கு நீங்க மட்டும் சர்பத் குடிக்கல்ல. ஏன்?"

மாமா இருமினார். என்ஜினியர் சிரித்தார். "எனக்கு வெளித் தண்ணி ஒத்துக்காது. போத்தல் தண்ணிதான்."

"கலியாணத்துக்குப் பொறகு இந்த வீட்டுக்கு வந்தா?"

"அப்பவும் அதுதான். ஒங்களுக்கும் சேத்து எடுத்து வாறன், கவலப்படாதீங்க."

"உம்மாக்கு?"

"அவங்களுக்குப் பழகிட்டுத்தானே," என்றார் என்ஜினியர். சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்த அதே கையால் முன்னால் இருந்த தண்ணீர்க் கிளாஸைச் சற்றுத் தள்ளியும் வைத்தார்.

தேநீர்த் தட்டோடு குசினி வாசலுக்கு வந்திருந்த உம்மா அதைக் கேட்டார்.

"எங்க எல்லாருக்கும் பழகிட்டு," என்றாள் ராத்தா. "ஒங்களுக்கு ஏலாது. நீங்க போயிட்டு வாங்க." திரையை விலக்கிக்கொண்டு, முக்காட்டோடு அத்தனை ஆண்களுக்கு நடுவே நடந்துபோய், வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்திலிருந்த என் புரொஜெக்டை எடுத்துவந்து என் கையில் தந்தாள்.

அவர்கள் போனார்கள். மாமா வாய்க்கு வந்ததெல்லாம் ஏசினார். உம்மா பல நாள் பேசவில்லை. என்ஜினியரோடு அல்ல, ராத்தாவோடு! உங்களுக்கு அந்த அசிங்கம் பழகிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னவன்மேல் கோபம் இல்லை. அவனைப் போகச் சொன்னவள்மேல் கோபம்.

நான் கொழும்புக்குப் போனேன். நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். சேர் சொன்னபடியே குடைந்தார்கள். என் ஒழுங்கையின் ஒவ்வொரு குழியைப் பற்றியும் எனக்குத் தெரிந்தது, சொன்னேன். ஏன் இந்த இடத்தைத் தெரிவு செய்தீர்கள் என்று அதிலிருந்த அம்மையார் கேட்டார். நான் குடிக்கிற தண்ணீர் அது என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சில கிழமைகளில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது.

கடிதம் வந்து இரண்டாம் நாள் ஒழுங்கை முகப்பில் பெனர் கட்டியிருந்தது. பல்கலைக்கழகம் தெரிவான எங்கள் மண்ணின் மகள் ஜெஸீமா என்று என் பெயர், கீழே மாமாவின் பெயர் என்னுடையதைவிடப் பெரிய எழுத்தில். டெக் என்ற சொல் எங்கும் இல்லை. பைப்பும் இல்லை, குழியும் இல்லை. மாலையில் கூட்டம் வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். வந்தவர்களுக்கு அதே கிணற்றில் அள்ளிய தண்ணீரில் தேநீர். புரொஜெக்டின் பிரதியொன்றை உள்ளூர் குடிநீர் அலுவலகத்துக்கு நான் நேரில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் கொழும்புக்குப் புறப்பட இருந்த கிழமையில் மாமா மறுபடியும் வந்தார். ராத்தா யன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தாள். உம்மா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"பாலமுனை ஆக்கள் திரும்பவும் கதைக்கிறாங்க," என்றார் மாமா.

உம்மாவின் முகம் மலர்ந்தது. ராத்தா தையலை நிறுத்தினாள்.

"நிஹாறாவ இல்ல. ஜெஸீமாவக் கேக்கிறாங்க. இப்ப கெம்பஸ் புள்ளதானே, என்ஜினியருக்குச் சோடி பொருந்தும். அந்த ஆராய்ச்சியையும் ரெண்டு பேருமாச் சேந்து செய்யலாமாம். வீட்ட மட்டும் இவட பேருக்கு மாத்தினாக் காணும்."

அவள் அங்கேயே இருந்தாள். அவளுக்காகக் கட்டிய வீட்டில், அவள் இருக்கும்போதே, நாற்காலியை இடம் மாற்றுவதுபோல் அவளை ஒதுக்கினார். நான் உம்மாவைப் பார்த்தேன். ஒரு சீ, ஒரு தூ, ஏதாவது வரும் என்று பார்த்தேன். வராவிட்டால் பரவாயில்லை, ராத்தாவை ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

உம்மா பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "எப்ப வாறாங்களாம்?" என்று கேட்டார்.

நான் எழுந்து அறைக்குள் போய் பெட்டியைத் திறந்தேன். என் உடுப்பை அடுக்கினேன். பிறகு அலுமாரியின் மற்றப் பக்கத்தைத் திறந்து ராத்தாவின் உடுப்பையும் எடுத்து அடுக்கினேன். அவள் பின்னால் வந்தாள். தன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்து, மூடியை அவளே அழுத்திச் சாத்தினாள்.